குச்சவெளிப் பாறையும் பிரமிளின் களிமண்ணும்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை நோக்கி வடக்கே செல்லும் கரையோரச் சாலையில், சாம்பல்தீவையும் நிலாவெளியையும் இறக்கண்டியையும் கடந்து ஏறத்தாழ 20 மைல் சென்றால், கடலுக்கும் களப்புக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல் நிலத்தில் குச்சவெளி என்னும் எங்கள் கிராமம் இருக்கிறது. இங்கே கடலோரப் பாறையொன்றின்மீது, பல்லவ கிரந்தத்தோடு நெருங்கிய உறவுடைய லிபியில், ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடைய ஸம்ஸ்கிருத சாசனமொன்று வெட்டப்பட்டுள்ளது. செனரத் பரணவிதான படித்து 'எபிகிராபியா ஸெய்லனிக்கா'வில் வெளியிட்ட அந்தச் சாசனத்தில் தானமளித்த நிலத்தின் எல்லைகளில்லை, அரசனொருவனின் வெற்றிச் சிறப்புமில்லை. தான் ஈட்டிய புண்ணியத்தின் பலனாகப் புத்த நிலையை எய்தி, உலகத்தாரின் துன்பத்தைத் தீர்க்கும் ஆற்றலைத் தான் பெற வேண்டும் என்று ஒரு மனிதன் செய்துகொண்ட பிரார்த்தனையே அதன் பொருள். அந்தப் பிரார்த்தனையின் விசாலம் பெரிது. ஆயினும் அதற்கு நிகராக என் சிந்தையைப் பற்றிக்கொண்ட விஷயம் வேறொன்று உண்டு: எழுத்துகளுக்கு அருகிலேயே, அதே பாறையில், சிறு சிறு கட்டங்களுக்குள் ஸ்தூபங்களின் வடிவங்கள் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன.

சொல்லிலே ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லி முடித்த ஒன்றை மறுபடியும் உருவத்திலே சொல்ல வேண்டிய அவசியம் ஏன் நேர்ந்தது? இரண்டும் ஒரே மனத்தின் ஏவலால் எழுந்தவை என்று கொள்வதற்கு எனக்குத் தடையொன்றும் தோன்றவில்லை. அவ்வாறு கொள்ளும்போது, கற்றோருக்கு எழுத்து, கல்லாதோருக்குச் சித்திரம் என்று எளிதாக ஒரு சமாதானம் கூறிவிடலாம். அச்சமாதானம் எனக்குப் போதவில்லை. வடமொழி வாசகத்தை இந்தக் கரையிலே படிக்க வல்லவர் அன்றும் மிகச் சிலராகவே இருந்திருப்பர் என்பதை அறிந்தே அதை வெட்டுவித்தவன், பிறர் அறிவதைக் காட்டிலும் தன் உள்ளத்தில் இருப்பது முழுமையாக வெளியே வந்து நிற்பதையே விரும்பியிருக்கிறான் என்றுதான் எண்ணத் தோன்றுகிறது. சொல் முடிந்த இடத்தில் கைக்குத் திருப்தி உண்டாகவில்லை. கை தனக்குரிய பாஷையில் மீண்டும் தொடங்கிற்று. கலையைத் தொழிலாகக் கொள்ளாமல், யாரும் கேளாமலே எழுதியும் வரைந்தும் மண்ணைப் பிசைந்தும் பாடியும் வருகின்ற எத்தனையோ பேருடைய வாழ்க்கையை இந்தப் பாறையின் முன்னிலையிலேதான் நான் சிந்தித்துப் பார்க்கப் பழகியிருக்கிறேன்.

அந்த லிபியின் உறவு நினைவூட்டுவதாலோ என்னவோ, இவ்விஷயத்தில் முதலில் மனத்தில் தோன்றுபவன் மகேந்திரவர்ம பல்லவன். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியை ஆண்ட அம்மன்னன் 'மத்தவிலாசம்' என்னும் பிரஹஸனத்தை, அதாவது நகைச்சுவை நாடகத்தை, எழுதினான். செங்கலும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி மும்மூர்த்திகளுக்கு ஆலயம் சமைத்ததை மண்டகப்பட்டுக் குடைவரையிலே பெருமிதத்தோடு பொறித்தான். சித்திரகாரப் புலி என்றும் விசித்திரசித்தன் என்றும் பட்டங்கள் சூடிக்கொண்டான். பேரரசொன்றின் பாரத்தைத் தாங்கியவனுக்கு இவற்றில் எதுவும் ஜீவனோபாயமல்ல. ஆகவே அவனும், நாம் இங்கே பேசப்போகிறவர்களைப் போல, விருப்பத்தாலேயே கலைஞனானவன். ஆனால் அரசனுக்குச் சிற்பிகள் உண்டு, நாடகமாடுவோர் உண்டு, மலைகளே உண்டு. இவை ஒன்றுமில்லாத ஒருவனுக்கு அதே பசி வாய்த்தால் அவன் கதி என்ன என்பதே நான் விசாரிக்க விரும்புவது. அதற்கு நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. எங்கள் சாலை சென்று சேரும் பட்டணத்திலேயே அப்படியொருவர் பிறந்திருக்கிறார்.

1939ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி திருகோணமலையில் பிறந்த சிவராமலிங்கத்தைத் தமிழ் வாசகர்கள் தருமு சிவராம் என்றும், பின்னர் பிரமிள் என்றும் அறிவார்கள். எண்சாஸ்திரத்தில் அவருக்கிருந்த ஈடுபாடு காரணமாகப் பெயரை அவர் ஓயாது மாற்றிக்கொண்டே இருந்தார். பானுசந்திரன், அரூப் சிவராம் என்பனவும் அவருடைய பெயர்களே. இராமகிருஷ்ண மிஷன் பாடசாலையொன்றில் பெற்ற ஆரம்பக் கல்விக்கு மேல் அவருக்குப் பள்ளிப்படிப்பு வாய்க்கவில்லை. திருகோணமலையில் அந்த மிஷனின் கல்விப் பணியை வளர்த்தவர்களுள் ஒருவரான சுவாமி விபுலானந்தர், விஞ்ஞானப் பட்டதாரியாயிருந்தும் கவிதையும் நாடக ஆராய்ச்சியும் செய்து, இறுதியிலே பழந்தமிழ் யாழ்களைக் கணிதத்தின் துணையோடு மீட்டெடுத்து 1947இல் 'யாழ்நூல்' தந்தவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன். ஒரு துறையின் வேலியைத் தாண்டி மற்றொன்றுள் நுழைவது குற்றமாகாது என்ற காற்று அந்த ஊரில் வீசிக்கொண்டிருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் விபுலானந்தருக்குப் பட்டங்களும் துறவின் மதிப்பும் பக்கபலமாக இருந்தன. சிவராமலிங்கத்துக்கு இரண்டும் இல்லை.

இருபது வயதிலே அந்த இளைஞர் கடல் கடந்து தம் எழுத்தை அனுப்பினார். சென்னைத் திருவல்லிக்கேணியிலிருந்து சி. சு. செல்லப்பா 1959 ஜனவரி முதல் நடத்திவந்த 'எழுத்து', சந்தையின் விருப்பத்துக்குச் சிறிதும் வளைந்துகொடாத ஒரு சிறு பத்திரிகை. தம் கைப்பொருளை அதில் இழந்துகொண்டே, பிரதிகளைத் தாமே சுமந்துசென்று விற்ற ஆசிரியரின் வைராக்கியத்தால் உயிர்வாழ்ந்தது. பெரிய பத்திரிகை எதுவும் ஏறெடுத்துப் பார்த்திராத ஒரு புதுக் குரலை, அதுவும் அக்கரையில் பெயரறியாத ஓர் இளைஞனின் குரலை, அது இடங்கொடுத்து ஏற்றது. யாப்பின் கட்டைத் துறந்த கவிதைகளோடு, மூத்தோரை அஞ்சாது எதிர்க்கும் விமரிசனக் கட்டுரைகளையும் அவர் அதிலே எழுதினார். மௌனியின் கதைகளுக்கு அவர் எழுதிய முன்னுரை இன்றும் அக்கதைகளுக்குள் நுழைவோர் கடந்தாக வேண்டிய வாயிலாகவே நிற்கிறது. கவிதை, சிறுகதை, குறுநாவல், நாடகம், விமரிசனம், மொழிபெயர்ப்பு என்று எழுத்திலேயே எத்தனை வடிவங்கள் உண்டோ அத்தனையிலும் அவர் கைவைத்தார். 'ஆயி'யும் 'லங்காபுரி ராஜா'வும் 'நட்சத்திரவாசி'யும் 'கண்ணாடியுள்ளிருந்து'ம் ஒரே கையிலிருந்து வந்தவை என்று சொன்னால், அவற்றை முதன்முதலாகப் படிப்பவர் சற்றுத் தயங்கவே செய்வார்.

இவ்வளவும் இலக்கிய வரலாற்றிலே ஒருவாறு பதிவாகிவிட்டது. பதிவாகாத பாதி வேறு. பிரமிள் ஓவியர், களிமண்ணிலே உருவங்கள் செய்வதிலும் கைதேர்ந்தவர். 1971இல் கண்டியிலே அலியான்ஸ் பிரான்ஸேஸ் என்னும் பிரெஞ்சு நூலகத்தில் அவருடைய ஓவியங்கள் கண்காட்சியாக வைக்கப்பட்டன. இந்த ஒரு செய்தியை நம் இலக்கியக் குறிப்புகள் வாழ்க்கை விவரத்தின் கடைசி வரியிலே, விருதுகளுக்குப் பக்கத்திலே, ஒரு சிறு உபரித் தகவலாகச் சொல்லிவிட்டு அப்பால் போகின்றன. என் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது.

கண்டி நகரின் அந்த நூலக அறையை எண்ணிப் பாருங்கள். அங்கே வந்து பார்த்தவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் சிலரே இருந்திருக்கக்கூடும். 'எழுத்து' பத்திரிகையின் பெயரைக் கேட்டிருந்தவர் அவர்களிலும் சிலர். பத்து வருஷங்களுக்கு மேலாகத் தமிழிலே தம் ஆன்மாவைச் செலவிட்டவர், அந்தத் தமிழ் யாதொரு சிபாரிசும் செய்ய இயலாத ஓர் இடத்தில், வர்ணங்களை மாத்திரம் துணையாகக் கொண்டு அந்நியர் முன்னிலையில் நின்றிருக்கிறார். கவிதையை வெளியிடும் கவிஞன் வாசகனின் முகத்தைப் பார்ப்பதில்லை. அச்சாகிய பக்கம் அவனுக்கும் உலகத்துக்கும் இடையே ஒரு திரையாக இருந்து அவனைக் காக்கிறது. ஓவியத்தைச் சுவரிலே மாட்டுகிறவனுக்கு அந்தக் காப்பு இல்லை. பார்வையாளன் எந்தப் படத்தின் முன் நின்றான், எதனை ஒரு கணமும் நில்லாது கடந்தான் என்பதெல்லாம் ஓவியனின் கண்ணெதிரிலேயே நிகழ்கின்றன. கல்லூரியிலே சித்திரம் பயின்று சான்றிதழ் பெற்றவனுக்காவது குருவின் பெயரும் மார்க்கத்தின் பெயரும் சொல்லிக்கொள்ள இருக்கும். தானே கற்றுக்கொண்டவனுக்கு அந்தச் சுவரில் தொங்குவதைத் தவிர வேறு வாதம் கிடையாது. அந்தத் துணிவை நான் வணங்குகிறேன். வியாபார நோக்கமோ பதவி நோக்கமோ இல்லாதவனுக்கு இத்தகைய துணிவு எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தால், உள்ளே கண்டதைத் தனியே வைத்துக்கொள்ள முடியாத ஒரு தவிப்பே அதற்கு மூலமாக இருக்க வேண்டும் என்று படுகிறது.

களிமண்ணின் காரியம் இன்னும் நுட்பமானது. சொல்லுக்கு எடையில்லை, எழுதிய வரியை அடித்துவிட்டு வேறொன்று எழுதினால் முன்னதின் சுவடுகூடப் பிரசுரத்தில் தெரியாது. மண்ணோ தன் பாரத்தை ஒவ்வொரு கணமும் விரல்களுக்கு உணர்த்திக்கொண்டே இருக்கும். ஈரம் மிகுந்தால் உருவம் சரியும், ஈரம் குறைந்தால் வெடிக்கும். கழுத்துக்குத் தாங்கும் வலு எவ்வளவு, கைக்கு நீளம் எவ்வளவு என்பதை மண்ணே தீர்மானிக்கும். சிருஷ்டிப்பவனின் இச்சை மாத்திரம் அங்கே செல்லாது. இத்தகைய எதிர்ப்பை நாள்தோறும் விரலால் அறிந்த ஒருவன் கவிதைக்குத் திரும்பும்போது, தாங்காத சொல்லை அவனால் வைக்க முடியாது. பிரமிளைத் தமிழிலே படிமக் கவிஞர் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். படிமம் எவ்வாறு பிறக்கிறது என்று பேசப் புகுந்தவர்கள் பெரும்பாலும் மேலைநாட்டுக் கவிதை இயக்கங்களின் வழியாகவே அதற்கு விளக்கம் தேடினார்கள். அந்த விளக்கம் தவறென்று நான் கூறவில்லை. ஆனால் ஓர் இறகை வைத்து 'காவியம்' என்னும் மிகச் சிறிய கவிதையை அவர் அமைத்திருக்கும் விதத்தைப் பார்க்கையில், அங்கே வேலை செய்திருப்பது நூலறிவினும் மேலாக, தூரிகை பிடித்த கண்ணும் மண் பிசைந்த விரலும் என்றே நான் உறுதியாக நம்புகிறேன். ஐன்ஸ்டைனின் சமன்பாட்டைத் தலைப்பாகக் கொண்ட கவிதையிலும்கூட, பௌதிக சாஸ்திரத்தின் அருவமான உண்மை ஒளியாகவும் இருளாகவும் நம் கண்முன்னே வந்து நிற்கிறதென்றால், அருவத்தை உருவமாக்கிப் பழகிய ஒரு கையின் உதவி அதற்குப் பின்னால் இருந்திருக்கிறது.

இதற்கு எதிராக நம்மிடையே பழமொழி ஒன்று ஆயத்தமாக நிற்கிறது: பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான். வீடுகளிலும் பாடசாலைகளிலும் பல பிள்ளைகளின் கையிலிருந்து தூரிகையையும் புல்லாங்குழலையும் பறித்த பழமொழி இது. இதிலே உண்மையே இல்லை என்று சாதிக்க நான் முனையவில்லை. பிரமிளே தம் சக்தியில் பெரும்பங்கைச் சமகாலத்தவரோடு நடத்திய கடும் விமரிசனச் சண்டைகளிலே கரைத்தார். அவற்றில் சிலவற்றை அவர் எழுதாது விட்டிருந்தால் நமக்கு மேலும் சில கவிதைகளும், யார் கண்டது, மேலும் சில ஓவியங்களும் கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் அது சிதறல் என்றால், கவிதையிலிருந்து சித்திரத்துக்கும் சித்திரத்திலிருந்து மண்ணுக்கும் அவர் சென்றது அந்த ரகத்தைச் சேர்ந்ததன்று. தச்சனுக்கு முன்கூட்டியே தீர்மானமான ஒரு தேவை உண்டு: உத்தரத்துக்கு மரம், ஏருக்கு மரம். தேவை தெரிந்தவன் மரத்தைத் தெரிவுசெய்வதிலே காலங்கடத்தினால் அது குறைதான். தான் சொல்ல வேண்டியது இன்னதென்று தனக்கே தெளியாமல், ஒவ்வொரு சாதனத்தின் வாயிலாகவும் அதைச் சிறிது சிறிதாக அறிந்துகொண்டு வருபவனின் நிலை முற்றிலும் வேறு. எங்கள் கரையிலே கரைவலை இழுப்பதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு கயிற்றைக் கரையிலே விட்டுத் தோணி வலையை வளைத்துப் போட்டு மறு கயிற்றை வெகு தூரத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது. இரு கூட்டத்தார் இரு கயிறுகளையும் இழுக்கிறார்கள். அறியாதவன் இரண்டு வலை என்று நினைப்பான். இழுக்க இழுக்க இரு சாராரும் ஒருவரையொருவர் நெருங்கி வருகிறார்கள், கடைசியில் கரையேறுவது ஒரே மடி.

இவ்விதம் சொல்லின் எல்லையிலிருந்து வர்ணத்துக்குப் போனவர்களில் உலகம் அறிந்த உதாரணம் ரவீந்திரநாத தாகூர். 1924இல் 'பூரவி'யின் கவிதைகளை எழுதியபோது, அடித்துத் திருத்திய வரிகளை ஒன்றோடொன்று கோத்து விநோதமான பிராணிகளையும் முகங்களையும் அவர் உண்டாக்கினார். அறுபது வயதைத் தாண்டிய மஹாகவி, தாம் வேண்டாமென்று தள்ளிய சொற்களின் சமாதியிலிருந்தே சித்திரக்காரரானார். 1930இல் பாரிஸிலே அவருடைய படங்கள் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. சித்திரக் கலையை அவர் முறையாகப் பயின்றவரல்லர். ஆயினும் அவர் கவீந்திரர். நோபெல் பரிசு பெற்றவர். அவர் எதை வரைந்தாலும் உலகம் வந்து பார்க்கும். நம் தீவிலேயே அவருக்குச் சற்றுப் பின்னே மற்றொருவர் இருந்தார். கொழும்பிலே 1900இல் பிறந்த லயனல் வெண்ட் சட்டம் பயின்றவர். பியானோ வாசிப்பதிலே சிறந்தவர். பின்னர் புகைப்படத்தில் இறங்கி, இத்தீவின் மனிதரையும் நிலத்தையும் அதற்கு முன் யாரும் காணாத ஒளியிலே கண்டவர். பாஸில் ரைட் இயக்கிய 'ஸோங் ஒஃப் சிலோன்' என்னும் 1934ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் ஒலிப்பது அவருடைய குரல்தான். 1943இல் அவர் வீட்டிலே கூடிய ஓவியர்களே '43 குழு' என்று பெயர்பெற்றார்கள். கவிதையும் ஓவியமும் ஒருங்கே பயின்ற ஜோர்ஜ் கீற் அவர்களுள் ஒருவர். மறு வருஷமே வெண்ட் காலமானார். அவர் மறைந்தபின் அவருடைய படங்களின் மூலச் சுருள்கள் அழிக்கப்பட்டன. எஞ்சிய பிரதிகளிலிருந்து 1950இல் வெளிவந்த நூலொன்றே அவருடைய கண்ணை நமக்குக் காத்துத் தந்தது.

வெண்டிடம் ஒரு வீடு இருந்தது என்பதை நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். தன் வேலையைக் கொண்டுவந்து வைக்க ஓர் அறை, அதைச் சுற்றி நின்று பார்க்கச் சிலர், அவர்களுடைய முகத்தை நம்பக்கூடிய ஒரு சூழல் இவை மூன்றும் அமைந்தால், தொழிலாகக் கொள்ளாத கலைஞனுக்குப் பெரும்பாலான தேவைகள் தீர்ந்துவிடும். பிரமிளுக்கு அத்தகைய வீடு எக்காலத்திலும் இருந்ததில்லை. 1970களின் தொடக்கத்தில் இந்தியா சென்றவர் சென்னையிலேயே பெரும்பகுதி வாழ்நாளைக் கழித்து, 1997 ஜனவரி 6ஆம் திகதி வேலூருக்கு அருகே கரடிக்குடியில் காலமானார். சிறு பத்திரிகைகளே அவருடைய வீடாக இருந்தன. அவை அவருடைய எழுத்துக்கு இடங்கொடுத்தன. ஓவியத்துக்கு முழுமையாக இடங்கொடுக்க அவற்றின் தாளுக்கும் அச்சுக்கும் வசதி இல்லை. களிமண் உருவத்தை எந்தப் பத்திரிகையும் ஏந்த இயலாது. ஆகவே எது எளிதிலே தாளில் ஏறியதோ அது நிலைத்தது, மற்றவை வாழ்க்கைக் குறிப்பின் ஒற்றை வரியாகச் சுருங்கின. அவருடைய கலையில் எது முதன்மை என்பதை நம்முடைய வசதிக் குறைவு தீர்மானித்துவிட்டது. இது அவருக்கு இழைத்த அநீதி என்பதோடு, அவருடைய கவிதையையும் நாம் பாதியாகவே படித்துவருகிறோம் என்பதற்கு அடையாளமும் ஆகும்.

பெரிய கலைஞர்களைப் பற்றிப் பேசுவதோடு இவ்விஷயத்தை நிறுத்திவிட எனக்கு மனமில்லை. நான் வாழும் கிராமத்திலே தமிழரும் முஸ்லிம்களும் கடலையும் நிலத்தையும் நம்பி வாழ்கிறார்கள். பகலெல்லாம் கடலோடு மல்லாடி, மாலையில் கிழிந்த வலையைப் பொத்தியபடியே வலை இழுக்கையில் பாடும் பழைய அம்பாப் பாட்டுக்குத் தம் சொந்த அடிகளைச் சேர்த்துப் பாடுகிறவர்கள் இங்கே உண்டு. பாய் இழைக்கும் பெண்கள், கேட்டவருக்கு வேண்டிய அளவை முடித்துக்கொடுத்தபின், தமக்கென்று ஒரு சிறு பாயிலே புதிய வர்ணக் கட்டங்களைச் சோதித்துப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கங்களிலே படகுகளையும் வெள்ளைக் கொக்குகளையும் வரைந்து, அவற்றின் கீழே இரண்டு வரிக் கவிதையும் எழுதி, ஆசிரியர் வந்தவுடன் மூடிக்கொள்ளும் பிள்ளைகளுக்குக் குறைவேயில்லை. இவர்களில் யாரும் தம்மைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்ளத் துணியமாட்டார்கள். வேலை மெனக்கெட்டு இதையெல்லாம் ஏன் செய்கிறாய் என்ற கேள்வி வீட்டிலிருந்தே புறப்படுகிறது. அதற்கு விடை சொல்லத் தெரியாதவர்கள் தங்கள் கைவேலையைப் பெட்டியின் அடியிலே ஒளித்துவைக்கிறார்கள்.

அந்தப் பெட்டிகளின் கதியும் இந்தக் கரையிலே நல்லதாக இருக்கவில்லை. யுத்த காலத்திலே கிராமங்கள் கிராமங்களாக இடம்பெயர்ந்தபோது, அரிசியையும் அடையாள அட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடியவர்களால் கொப்பிகளைத் தூக்க முடியவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் புகுந்தபோது எஞ்சியிருந்தவற்றிலும் பல போயின. உயிரிழந்தவர்களை நினைக்கும் இடத்திலே ஒரு கொப்பியைப் பற்றிப் பேசுவது தகுமா என்ற கேள்வி எழலாம். தகும் என்றே நான் கருதுகிறேன். போனவர்கள் எதைக் கண்டார்கள், எதை அழகென்று எண்ணினார்கள் என்பதை நமக்குச் சொல்லக்கூடியவை அவையே. அவையும் போனபின் அவர்களை எண்ணிக்கையாக மாத்திரமே நம்மால் நினைக்க முடிகிறது.

எனவே பகிர்ந்துகொள்ளுதல் என்னும் செய்கையை நான் ஆடம்பரமாகக் கருதவில்லை. ஒருவர் தாம் வரைந்த படத்தையோ எழுதிய வரியையோ மற்றொருவருக்குக் காட்டும்போது, அது இரண்டு இடங்களிலே வாழத் தொடங்குகிறது. ஒரு பெட்டி அழிந்தாலும் மற்றொரு நினைவிலே அதன் சாயலாவது எஞ்சும். ஆனால் காட்டுகிறவனுக்கு இருக்கும் கடமையைக் காட்டிலும் பார்க்கிறவனுக்குள்ள கடமை பெரிது. தொழில்முறைக் கலைஞனின் வேலையைப் பார்க்கும்போது நாம் மதிப்பிடுகிறோம், ஒப்பிடுகிறோம், விலை பேசுகிறோம். அவையெல்லாம் அங்கே பொருத்தமானவையே. தன் நெஞ்சின் உந்துதலால் மாத்திரம் செய்தவனிடத்தே, மேலோட்டமான புகழ்ச்சியும் மதிப்பெண் போடுவதும் ஒரே அளவுக்குத் தீங்கு விளைக்கின்றன. அருமை, அருமை என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறவன் உண்மையிலே பார்க்க மறுத்துவிட்டான். காகத்தின் கழுத்து ஏன் இப்படி வளைந்திருக்கிறது, இந்த நீலத்தை எங்கிருந்து எடுத்தாய், இந்த வரிக்கும் அந்தப் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று உண்மையான அக்கறையோடு கேட்கிறவனே, பூர்விகர் சஹிருதயன் என்று போற்றிய இரசிகனுக்கு நெருங்கியவன். ஒருவர் பல சாதனங்களிலே முயன்றிருந்தால் அவற்றைத் தனித்தனியே பிரித்து, கவிதை தேறியது, படம் தேறவில்லை என்று தீர்ப்புக் கூறுவதும் அவருக்கு நியாயம் செய்வதாகாது. எல்லாவற்றையும் ஒருங்கே பரப்பி வைத்துப் பார்க்கும்போதுதான், தேறாத படமே தேறிய கவிதைக்குத் தாயாக இருந்த இரகசியம் வெளிப்படக்கூடும்.

இந்தக் கருத்துக்கு இணங்க ஒரு காரியம் நடைபெற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பிரமிளின் எழுத்துகளைக் கால சுப்ரமணியம் பல்லாண்டுகள் உழைத்துத் தேடித் தொகுத்துப் பதிப்பித்திருக்கிறார். அந்த உழைப்புக்கு ஈழத்தவராகிய நாம் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம். அதே சிரத்தையோடு பிரமிளின் ஓவியங்களும் கண்ணில் படக்கூடிய மண் உருவங்களும், மூலமாகக் கிடைக்காதவிடத்துப் புகைப்படமாகவேனும், அவர் பிறந்த திருகோணமலையிலே ஒரே மண்டபத்தில் கவிதைகளோடு சேர்த்து வைக்கப்பட வேண்டும். 'எழுத்து' இதழ்களைக் கண்ணாடிப் பேழையிலே வைத்து, அதே காலத்துச் சித்திரத்தை அதற்கு நேர்மேலே சுவரில் மாட்டினால், எந்தக் கவிதைக்கு எந்த வர்ணம் முன்னோடியாக இருந்தது என்பதைப் பண்டிதர் துணையின்றிப் பள்ளிப் பிள்ளையும் கண்டுகொள்ளும். அந்த மண்டபத்தின் மற்றொரு பக்கத்திலே குச்சவெளி, நிலாவெளி, திரியாய், மூதூர் முதலிய ஊர்களின் பிள்ளைகளும் வலைகாரரும் பாய் இழைக்கும் தாய்மாரும் தங்கள் கொப்பிகளையும் பாய்களையும் பாட்டுகளையும் கொண்டுவந்து வைக்க, பரிசும் போட்டியும் தரவரிசையும் இல்லாத ஓர் இடம் ஒதுக்கப்பட வேண்டும். பிசைந்த களிமண் ஒரு தொட்டி நிறைய அங்கே இருக்க வேண்டும், வருகிறவர்கள் கைவைத்துப் பார்க்கட்டும். இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. மண் இங்கேயே கிடைக்கிறது. பாடசாலை மண்டபங்கள் விடுமுறைக் காலத்தில் வெறுமனே பூட்டிக் கிடக்கின்றன. ஊர்தோறும் வாசிகசாலைகள் இருக்கின்றன. அவற்றின் நிர்வாகிகள் ஒருமுறை கூடிப் பேசி நாள் குறித்தால் போதும்.